கூடத்தைச் சுற்றி ஒரு தோட்டம்

பெங்களூரில் பல பகுதிகளில் சமுதாயக் கூடம் இருக்கிறது. கன்னடத்தில் அதைச் 'சமுதாய பவனம்' என்பார்கள். வளைகாப்பு அங்கே நடக்கும். காதுகுத்து நடக்கும். கல்யாணம் நடக்கும். மகளிர் சங்கக் கூட்டம் நடக்கும். தேர்தல் நாளில் ஓட்டுச்சாவடியும் அங்கேதான்.

கட்டடத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம். மின்விசிறி ஓடுகிறதா? கழிவறைக் கதவு சரியாக இருக்கிறதா? ஆனால், கட்டடத்தைச் சுற்றி உள்ள இடத்தைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

யாரும் கவனிக்காத இடம் அப்படியே இருக்காது. ஒரு மூலையில் ஒருவர் குப்பையைப் போடுவார். மறுநாள் பத்துப் பேர் போடுவார்கள். அல்லது, வண்டிகள் வந்து நிற்கும். முதலில் இரண்டு வண்டி. பிறகு இருபது வண்டி. அல்லது, 'சுத்தமாக இருக்கட்டும்' என்று முழுவதும் சிமெண்ட் போட்டு மூடிவிடுவார்கள். வெயிலில் அது கொதிக்கும். மழையில் குளம் கட்டும்.

இதில் நஷ்டம் யாருக்கு? வீட்டில் முற்றம் இல்லாதவர்களுக்கு. ஒற்றை அறையில் குடியிருப்பவர்களுக்கு. விளையாட இடம் இல்லாத பிள்ளைகளுக்கு. மாலையில் சற்று உட்கார நிழல் தேடும் முதியவர்களுக்கு. தெருவில் அவர்களுக்கு இருப்பது அந்த ஓர் இடம்தான்.

அந்த இடத்தை எப்படி நல்ல தோட்டமாக ஆக்குவது? இந்தப் பாடத்தில் அதைப் பார்ப்போம்.

முதலில் நடந்து பார்ப்போம்

தோட்டம் என்றதும் நாம் பூச்செடி வாங்க ஓடுகிறோம். அவசரம் வேண்டாம். முதலில் இடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கூடத்தின் படத்தைச் சின்னக் கட்டமாகப் போடுங்கள். பிறகு நான்கு விஷயங்களைக் குறியுங்கள்.

ஒன்று, கால். மக்கள் எந்த வழியாக நடக்கிறார்கள்? மண்ணில் தேய்ந்த தடம் தெரியும். அந்தத் தடத்தில் செடி வைத்தால் மிதித்துவிடுவார்கள். தடம் இருக்கும் இடத்திலேயே பாதை போடுங்கள்.

இரண்டு, வெயில். காலையில் எங்கே வெயில் விழுகிறது? மாலையில் எங்கே? பிற்பகல் வெயில் மேற்குப் பக்கத்தில் கடுமையாக இருக்கும். அந்தப் பக்கம் மரம் இருந்தால் சுவரும் குளிரும், கூடமும் குளிரும்.

மூன்று, தண்ணீர். மழை பெய்யும்போது குடை பிடித்துக்கொண்டு போய்ப் பாருங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது? எங்கே தேங்குகிறது? எந்த வழியாகத் தெருவுக்கு ஓடுகிறது?

நான்கு, மேலும் கீழும். மேலே மின்கம்பி போகிறதா? கீழே குடிநீர்க் குழாயோ கழிவுநீர்க் குழாயோ போகிறதா? கம்பிக்குக் கீழே உயரமான மரம் வைக்கக் கூடாது. குழாய்க்கு மேலே குழி தோண்டக் கூடாது.

இந்தப் படம் கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது போல.

கூடிப் பேசுவோம்

அடுத்து, தெருக்காரர்கள் கூட வேண்டும். ஆண்கள் மட்டும் கூடினால் போதாது. பெண்களும் பிள்ளைகளும் வர வேண்டும். கூடத்தைப் பெருக்குகிற அம்மாவும் வர வேண்டும். இடத்தைப் பற்றி அவருக்குத்தான் அதிகம் தெரியும்.

ஒரு தெருவில் கூட்டம் நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

"புல்தரை போடலாம். பூங்கா மாதிரி பச்சைப் பசேல் என்று இருக்கும்" என்கிறார் ஓர் இளைஞர்.

"ரோஜாச் செடி வைக்கலாம். வாசலுக்கு அழகு" என்கிறார் ஓர் அக்கா.

"பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள் தம்பி? புல்லில் கால் வைக்காதே என்று பலகை மாட்டிவிடுவீர்களே!" என்கிறார் ஒரு பாட்டி.

"ஐம்பது மரம் நடலாம். நிழலுக்கு நிழல், காற்றுக்குக் காற்று" என்கிறார் ஒரு பெரியவர்.

கூடத்தைப் பெருக்குகிற அம்மா கடைசியில் பேசுகிறார். "எல்லாம் நல்லதுதான் ஐயா. போன தடவையும் நட்டீர்கள். போட்டோ பிடித்தீர்கள். வெயில் வந்தது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீர் யார் ஊற்றுவது? எங்கிருந்து ஊற்றுவது?"

கூட்டம் அமைதியாகிவிடுகிறது. கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

பெங்களூருக்குப் பக்கத்தில் பெரிய ஆறு கிடையாது. நாம் குடிப்பது காவிரித் தண்ணீர். அது சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து வருகிறது. தொரேகாடனஹள்ளி என்னும் இடத்திலிருந்து இறைத்து அனுப்புகிறார்கள். ஊர் மேட்டில் இருக்கிறது. அதனால் தண்ணீரைச் சுமார் 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற வேண்டும். அதற்கு எவ்வளவு மின்சாரம் ஆகும்! இந்தத் தண்ணீர் 1974-ஆம் ஆண்டு முதல் ஊருக்கு வருகிறது.

2023-ஆம் ஆண்டு மழை பொய்த்தது. 2024 கோடையில் பெங்களூரு தவித்தது. ஆயிரக்கணக்கான ஆழ்துளைக் கிணறுகள் வற்றின. லாரித் தண்ணீர் விலை ஏறியது. அந்த மார்ச் மாதம் குடிநீர் வாரியம் ஓர் உத்தரவு போட்டது. குடிநீரைத் தோட்டத்துக்கு ஊற்றக் கூடாது. வண்டி கழுவக் கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம்.

நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்கிறார்கள். மறுபக்கம் புல்லுக்குக் காவிரித் தண்ணீர் பாய்கிறது. இது நியாயமா?

ஆகவே நம் தோட்டத்துக்கு ஒரு விதி வைப்போம். குடிக்கிற தண்ணீரைத் தொடக் கூடாது. நம் கூரையில் விழும் மழைதான் நம் தோட்டத்துக்கு. தண்ணீர் எவ்வளவோ, அவ்வளவே செடி.

கணக்குப் போடுவோம்

கூரையில் எவ்வளவு மழை விழுகிறது? கணக்கு எளிது.

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர்.

நம் கூடத்தின் கூரை 100 சதுர மீட்டர் என்று வைப்போம். அது ஏறக்குறைய 1,080 சதுர அடி. அப்படியானால்,

1 மி.மீ. மழைக்கு 100 லிட்டர்.
10 மி.மீ. மழைக்கு 1,000 லிட்டர்.
50 மி.மீ. மழைக்கு 5,000 லிட்டர்.

பெங்களூரில் ஆண்டுக்கு ஏறக்குறைய 900 முதல் 1,000 மி.மீ. வரை மழை பெய்கிறது. குறைவாக 900 என்றே வைப்போம்.

100 × 900 = 90,000 லிட்டர்.

எல்லாம் நம் கைக்கு வராது. கொஞ்சம் ஆவியாகும். கொஞ்சம் சிதறும். ஐந்தில் ஒரு பங்கு போனது என்று கழிப்போம்.

90,000 – 18,000 = 72,000 லிட்டர்.

ஒரு குடத்தில் 15 லிட்டர் பிடிக்கும் என்றால், இது 4,800 குடம்! ஒவ்வோர் ஆண்டும் இவ்வளவு தண்ணீர் நம் கூரையிலிருந்து சாக்கடைக்குப் போகிறது.

2009-ஆம் ஆண்டிலேயே பெங்களூரில் இதற்குச் சட்டம் வந்துவிட்டது. 2,400 சதுர அடிக்கு மேற்பட்ட மனையில் உள்ள கட்டடங்களில் மழைநீரைச் சேகரிக்க வேண்டும். உங்கள் கூடத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறதா? குழாய் உடைந்து கிடக்கிறதா? போய்ப் பாருங்கள்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. மழை ஆண்டு முழுவதும் பெய்வதில்லை. செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். டிசம்பர் முதல் மார்ச் வரை வானம் காய்ந்து கிடக்கும். செடிக்குத் தண்ணீர் தேவைப்படுவதும் அப்போதுதான். ஆகவே சேமித்து வைக்க வேண்டும்.

இப்போது செலவைப் பார்ப்போம்.

ஒரு மரக்கன்றுக்கு வாரத்துக்கு இரண்டு குடம். அதாவது 30 லிட்டர்.
10 கன்றுகளுக்கு வாரத்துக்கு 300 லிட்டர்.
பிப்ரவரி முதல் மே வரை 17 வாரம்.
300 × 17 = 5,100 லிட்டர்.

5,000 லிட்டர் தொட்டி ஒன்று இருந்தால் 10 கன்றுகள் ஏறக்குறையக் கோடையைத் தாண்டிவிடும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் கவலையே இல்லை.

புல்தரைக்கு எவ்வளவு ஆகும்? 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் புல் வைத்தால், கோடையில் நாளுக்கு 400 லிட்டருக்குக் குறையாது. பத்து மரக்கன்றுகள் ஒரு வாரத்துக்குக் குடிப்பதைவிட, இந்தப் புல் ஒரே நாளில் அதிகம் குடிக்கும். அதே தொட்டி 12 நாளில் காலி!

பெரியவர் கேட்டது 50 மரம். அதற்கு எத்தனை லிட்டர் வேண்டும்? நீங்களே போட்டுப் பாருங்கள். 25,500 லிட்டர் என்று வரும். அவ்வளவு பெரிய தொட்டி நம்மிடம் இல்லை. ஆகவே முதல் ஆண்டு பத்து. அவை வேர் பிடித்த பிறகு இன்னும் பத்து.

படிக்காத ஒரு தாயின் கணக்கு

'வெறும் பத்து மரமா?' என்று தோன்றுகிறதா? சாலுமரத திம்மக்காவின் கதையைக் கேளுங்கள்.

பெங்களூருக்கு மேற்கே மாகடி தாலுகாவில் ஹுலிகல் என்று ஒரு கிராமம். திம்மக்கா அந்த ஊரில் வாழ்ந்தவர். பள்ளிக்கூடம் போகாதவர். கூலி வேலை செய்தவர். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவரும் அவர் கணவர் சிக்கையாவும் சாலை ஓரத்தில் ஆலங்கன்றுகளை நடத் தொடங்கினார்கள்.

முதல் ஆண்டு அவர்கள் நட்டது பத்துக் கன்றுகள். அடுத்த ஆண்டு பதினைந்து. அதற்கு அடுத்த ஆண்டு இருபது. மழைக்காலத்தை ஒட்டியே நட்டார்கள். மழை இல்லாத நாட்களில் குடத்தில் தண்ணீர் சுமந்தார்கள். ஆடு, மாடு கடிக்காமல் முள்வேலி கட்டினார்கள்.

இப்படி ஹுலிகல்லுக்கும் குதூருக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் தூரத்துக்கு 385 ஆலமரங்கள் எழுந்தன. 'சாலுமர' என்றால் கன்னடத்தில் வரிசை மரம். ஊரார் அவர் பெயரோடு அதைச் சேர்த்துவிட்டார்கள். 2019-ஆம் ஆண்டு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2025 நவம்பரில் அவர் காலமானார். மரங்கள் நிழல் தருகின்றன.

கவனியுங்கள். சுமக்க முடிந்த தண்ணீருக்கு ஏற்ற கன்றுகளைத்தான் அவர்கள் நட்டார்கள். அதனால்தான் அவை பிழைத்தன.

எந்தச் செடி, எந்த இடம்?

நிழலுக்குப் புங்க மரம் நல்லது. கன்னடத்தில் 'ஹொங்கே' என்பார்கள். வேர் பிடித்துவிட்டால் கொஞ்சத் தண்ணீரில் தாங்கும். அடர்ந்த நிழல் தரும். மேற்குப் பக்கத்தில் வையுங்கள்.

வேம்பு வைக்கலாம். யுகாதிக்கு வேப்பம்பூ தேடி அலைய வேண்டாம். நாவல் மரம் வைத்தால் பிள்ளைகளுக்கும் பழம், பறவைகளுக்கும் பழம். ஆனால் பழம் விழுந்து கறை ஆகும். நடைபாதையை விட்டுத் தள்ளி வையுங்கள். நெல்லியும் கறிவேப்பிலையும் சின்ன இடத்துக்கு ஏற்றவை. முருங்கைக் கிளை சட்டென்று ஒடியும். அதன் கீழே பிள்ளைகள் விளையாடக் கூடாது.

ஆல், அரசு வேண்டாம் என்று சொல்லவில்லை. அவற்றுக்குப் பெரிய இடம் வேண்டும். அவற்றின் வேர் சுவரைப் பிளக்கும். சாலையோரத்தில் திம்மக்காவுக்கு அவை பொருந்தின. சின்ன மனையில் பொருந்தா.

பூவுக்குச் செம்பருத்தி, நந்தியாவட்டை, துளசி போதும். அரளியைப் பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைக்காதீர்கள். அதன் இலை, பூ, விதை எல்லாமே நஞ்சு.

வெள்ளைப் பூ பூக்கும் பார்த்தீனியம் தானாக முளைக்கும். 'காங்கிரஸ் புல்' என்று சொல்வதும் அதைத்தான். சிலருக்கு அது தோலில் அரிப்பு உண்டாக்கும். மூச்சுத் திணறலும் வரும். பூக்கும் முன்பே கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள்.

பூக்கும் மரம் வைக்க ஆசையா? லால்பாக்கிலிருந்து ஒரு பாடம் கற்கலாம். லால்பாக் தோட்டத்தை 1760-ஆம் ஆண்டு ஹைதர் அலி தொடங்கினார். 1908-இல் கிரும்பீகல் என்ற ஜெர்மன் தோட்டக்கலை அறிஞர் மைசூர் அரசின் பணிக்கு வந்தார். ஒரு மரம் பூத்து முடியும்போது இன்னொரு மரம் பூக்க வேண்டும். அப்படிப் பார்த்துப் பார்த்துப் பெங்களூருச் சாலைகளில் மரம் நட ஏற்பாடு செய்தார். ஆண்டு முழுவதும் ஊரில் எங்காவது ஒரு மரம் பூத்திருக்கும். நாமும் அப்படிச் செய்யலாம். எல்லாம் ஒரே மாதத்தில் பூக்கும் செடிகளாக வாங்காதீர்கள்.

நடும் முறை

ஜூன், ஜூலையில் மழை தொடங்கியதும் நடுங்கள். கோடையில் நட்டால் கன்று காய்ந்துபோகும்.

1. இரண்டு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி ஆழம் குழி தோண்டுங்கள். சுவரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளித் தோண்டுங்கள். பெரிதாக வளரும் மரத்துக்கு இன்னும் தள்ள வேண்டும்.

2. கட்டடம் கட்டியபோது போட்ட செங்கல் துண்டும் ஜல்லியும் அடியில் இருக்கும். அவற்றைப் பொறுக்கி எடுங்கள். வேர் கல்லில் முட்டினால் மரம் வளராது.

3. மேல் மண்ணைத் தனியே வையுங்கள். அதோடு மக்கிய உரத்தைக் கலந்து குழியில் போடுங்கள்.

4. கன்றின் பிளாஸ்டிக் பையைக் கிழித்து எடுங்கள். பலர் பையோடு நட்டுவிடுகிறார்கள். வேர் உள்ளேயே சுருண்டு மரம் செத்துப்போகும்.

5. பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றித் தளர்வாகக் கட்டுங்கள். சுற்றிலும் முள்ளோ வலையோ கட்டுங்கள்.

6. கன்றைச் சுற்றிப் பாத்தி கட்டுங்கள். அதன் மேல் காய்ந்த இலையைப் பரப்புங்கள். வெயிலில் ஈரம் காயாது.

சருகை எரிக்காதீர்கள். புகை நெஞ்சுக்குக் கெடுதல். மூன்றடிக் குழி ஒன்று வெட்டி அதில் போடுங்கள். காய்கறித் தோலையும் போடலாம். அவ்வப்போது கிளறி, ஈரம் காக்க வேண்டும். சில மாதங்களில் உரம் ஆகிவிடும்.

தரை மூச்சு விடட்டும்

பாதைக்குச் சப்படிக் கல் போடலாம். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே மண் இருக்கட்டும். மழை உள்ளே இறங்கும். மரத்தின் அடியைச் சிமெண்ட் போட்டு இறுக்கக் கூடாது. சுற்றிலும் மூன்றடியாவது மண் தெரிய வேண்டும். வேர் பலவீனமான மரம்தான் சூறைக்காற்றில் விழுகிறது.

பாதை நான்கு அடி அகலம் இருக்கட்டும். சக்கர நாற்காலி போக வேண்டும் அல்லவா? படி இருக்கும் இடத்தில் சாய்தளமும் வேண்டும். ஓர் அடி உயரம் ஏற 12 அடி நீளம் சாய்வு தேவை. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் முதியவர்களால் ஏற முடியாது.

தொட்டி நிறைந்த பிறகு வரும் மழைநீரை என்ன செய்வது? மண்ணுக்குள் அனுப்பலாம். அதற்கு ஊறல் கிணறு வேண்டும். மூன்று அடி அகலம், இருபது அடி ஆழம் தோண்டி, சிமெண்ட் வளையம் இறக்குவார்கள். பெங்களூரில் இந்த வேலையில் கைதேர்ந்தவர்கள் மண்ணு வட்டர்கள். தலைமுறை தலைமுறையாகக் கிணறு வெட்டும் மக்கள். கப்பன் பூங்காவில் பழைய கிணறுகள் தூர் வாரப்பட்டன. புதிய ஊறல் கிணறுகளும் அங்கே வெட்டப்பட்டன.

இரண்டு எச்சரிக்கை. ஊறல் கிணறு கழிவறைத் தொட்டிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. அதற்குக் கனமான மூடி கட்டாயம் வேண்டும். பிள்ளைகள் ஓடும் இடம் அல்லவா?

மழைநீர்த் தொட்டிக்கும் மூடி வேண்டும். திறந்த தண்ணீரில் கொசு முட்டை இடும். சுமார் ஒரு வாரத்தில் கொசு பறக்கும். டெங்கு பரவும். தேங்கிய தண்ணீரை வாரம் ஒரு முறை கொட்டிவிடுங்கள்.

விசேஷ நாளில்

கூடத்துத் தோட்டம் பெரும்பாலும் விசேஷ நாளில்தான் சாகிறது. பந்தல் கால் கன்றின் மேல் இறங்கும். அண்டா கழுவிய எண்ணெய்த் தண்ணீர் வேரில் ஊற்றப்படும். விளக்கு மாட்ட மரத்தில் ஆணி அடிப்பார்கள். அடுப்பு மரத்தடியில் எரியும்.

விசேஷம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? கூடம் இருப்பதே அதற்குத்தான். ஆகவே இடத்தைப் பிரித்து வையுங்கள். பந்தலுக்கு ஓரிடம். அங்கே செடி வேண்டாம். பந்தல் கால் ஊன்றக் குழிகளை முன்பே கட்டிவிடுங்கள். அடுப்புக்கு ஓரிடம். கை கழுவும் தண்ணீர் ஓடும் இடத்தில் வாழையும் கல்வாழையும் வையுங்கள். அவை அந்தத் தண்ணீரைத் தாங்கும். ஆம்புலன்ஸ் வந்து போகும் வழியில் எதையும் வைக்காதீர்கள்.

கூடத்தை வாடகைக்கு எடுப்பவரிடம் இந்த விதிகளை எழுதிக் கொடுங்கள். கன்னடத்திலும் தமிழிலும் உருதுவிலும் எழுதுங்கள். நம் தெருவில் எல்லா மொழிக்காரரும் இருக்கிறோம்.

யார் பொறுப்பு?

'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்றால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள். பெயர் எழுத வேண்டும். திங்கள், வியாழன் இரண்டு நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு வாரத்துக்கு இரண்டு வீடு. பத்து வாரத்தில் இருபது வீடு. பிறகு மறுபடியும் முதல் வீடு.

எல்லா வேலையும் பெண்கள் தலையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குத் தண்ணீர் சுமப்பவர் அவர். தோட்டத்துக்கும் அவரேவா? ஆண்களின் பெயரையும் எழுதுங்கள்.

ஒரு நோட்டு வையுங்கள். அதில் தேதி, ஊற்றியவர் பெயர், தொட்டியில் உள்ள தண்ணீர், வாடிய கன்று ஆகியவற்றை எழுதுங்கள். செலவையும் எழுதுங்கள். ரசீதை ஒட்டி வையுங்கள். நோட்டைக் கூடத்தில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டுங்கள். கணக்கு வெளிச்சத்தில் இருந்தால் சண்டை வராது. இனி நம் கையாலேயே இதை எழுதலாம் அல்லவா?

மனு எழுதுவோம்

பல கூடங்களின் இடம் மாநகராட்சிக்குச் சொந்தம். குழி தோண்டும் முன் எழுத்தில் அனுமதி கேளுங்கள். 2025 செப்டம்பரில் பெங்களூரு ஐந்து மாநகராட்சிகளாகப் பிரிந்தது. உங்கள் பகுதி எதில் வருகிறது என்று விசாரியுங்கள். இருக்கிற மரத்தை வெட்டவும் அனுமதி வேண்டும். கர்நாடகத்தில் 1976-ஆம் ஆண்டு முதல் இதற்குச் சட்டம் உண்டு.

மனுவை முதலில் தமிழில் எழுதிப் பாருங்கள். அலுவலகத்தில் கன்னடத்தில் கொடுப்பது நல்லது. கன்னடம் எழுதத் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் உதவி கேளுங்கள். மாதிரி இதோ:

பெறுநர்: செயற்பொறியாளர் அவர்கள், ............ மாநகராட்சி, பெங்களூரு.

ஐயா / அம்மா,

பொருள்: சமுதாயக் கூட வளாகத்தில் தோட்டம் அமைக்க அனுமதி வேண்டுதல்.

நாங்கள் ............ தெருவில் குடியிருக்கிறோம். எங்கள் சமுதாயக் கூடத்தைச் சுற்றி உள்ள இடத்தில் 10 மரக்கன்றுகள் நட விரும்புகிறோம். மழைநீரைக் கொண்டு நாங்களே வளர்ப்போம். கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

1. கன்று நட எழுத்தில் அனுமதி.
2. கூரையின் மழைநீர்க் குழாயைப் பழுது பார்த்தல்.
3. நிலத்தடிக் குழாய்கள் செல்லும் வழியைக் காட்டுதல்.

இப்படிக்கு,
............ தெரு மக்கள் (கையெழுத்துகள்)

இரண்டு படி எடுங்கள். ஒன்றைக் கொடுங்கள். மற்றொன்றில் 'பெற்றுக்கொண்டோம்' என்று முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்தப் படியைப் பத்திரமாக வையுங்கள்.

பயிற்சி

அ. விடை எழுதுக.

1. புல்தரையைவிட மரக்கன்று ஏன் நல்லது?
2. திம்மக்காவும் சிக்கையாவும் முதல் மூன்று ஆண்டுகளில் மொத்தம் எத்தனை கன்றுகள் நட்டார்கள்?
3. கன்று நடும்போது பிளாஸ்டிக் பையை ஏன் எடுக்க வேண்டும்?

ஆ. கணக்குப் போடுக.

1. ஒரு கூடத்தின் கூரை 80 சதுர மீட்டர். 30 மி.மீ. மழை பெய்தது. எத்தனை லிட்டர்?
2. 6 கன்றுகளுக்கு வாரத்துக்கு இரண்டு குடம் வீதம் 17 வாரத்துக்கு எத்தனை குடம்?

இ. கூடிப் பேசுக.

1. உங்கள் தெருக் கூடத்தைச் சுற்றி உள்ள இடத்தை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள்? யார் பயன்படுத்த முடியவில்லை? ஏன்?
2. கூடத்தில் விசேஷம் நடத்துபவர் என்னென்ன விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும்? ஐந்து விதிகளை எழுதுங்கள்.

ஈ. செய்து பாருங்கள்.

உங்கள் கூடத்தின் படத்தைத் தாளில் வரையுங்கள். நடக்கும் தடம், வெயில், மழைநீர் ஓடும் வழி, மின்கம்பி ஆகிய நான்கையும் குறியுங்கள். அடுத்த கூட்டத்துக்கு அதை எடுத்துச் செல்லுங்கள்.